பாசி நாட்கள்

ஜனவரி 20, திங்கள்

கொம்புமுனையில் போன வியாழக்கிழமை நடந்தது தில்லி வரை போய்விட்டது.

எங்கள் தொண்டு நிறுவனத்தின் மூன்று வண்டிகள் ஒரே காலையில் அங்குள்ள சமுதாயக் கூடத்தின் முன்னால் போய் நின்றிருக்கின்றன. சுகாதாரத் திட்டத்தின் வண்டி, வாழ்வாதாரத் திட்டத்தின் வண்டி, கடலோரத் திட்டத்தின் வண்டி. மூன்றின் கதவிலும் ஒரே சின்னம். ஊர்ப் பெண்கள் எல்லோரும் பாசி எடுக்கக் கடலுக்குப் போயிருந்தார்கள். கூடத்தில் இருந்தவர் காய்ச்சலால் போகாமல் படுத்திருந்த ஜெபமேரி மட்டும். மூன்று குழுவும் அவரிடமே பேசி, அவரிடமே கையெழுத்து வாங்கி, அவரையே படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கின்றன. மூன்று அறிக்கையிலும் ஒரே பெண், ஒரே போர்வை.

இன்று திங்கட்கிழமை இணையக் கூட்டத்தில் தில்லியிலிருந்து நந்திதா மேடம் அந்தப் படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நாடு முழுவதும் எங்கள் திட்டங்கள் ஒன்றோடொன்று முட்டாமல் பார்ப்பது அவர் பொறுப்பு. கோபப்படவில்லை. "ஒரு மாவட்டம், ஒரு நாட்காட்டி" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். இங்கே ராமநாதபுரம் அலுவலகத்தில் நாங்கள் ஐந்து பேர் ஒரு மடிக்கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நான் கேமராவில் தெரியாத ஓரத்தில்.

கூட்டம் முடிந்ததும் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் மரியதாசன் சார் என்னைப் பார்த்தார்.

"ராக்கு, நீதான போடணும். ஒன் வேலைக்குப் பேரே ஒருங்கிணைப்பு உதவியாளர்."

எட்டு மாதமாக இந்தப் பெயரில் ரசீதுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சரி சார் என்றேன்.

ஜனவரி 22, புதன்

மூன்று திட்டத்தின் தேதிகளையும் வாங்கினேன். சுகாதாரத் திட்டத்தின் பெனிட்டா மேடம் எல்லாம் அச்சிட்டுக் கொடுத்தார். அவர் முன்பு செவிலியராக இருந்தவர். எதிலும் ஒழுங்கு. வாழ்வாதாரத் திட்டத்தின் சாகுல் அண்ணன் தன் நெற்றியைத் தட்டி, "எல்லாம் இங்கதான் இருக்கு, எழுதிக்க" என்றார். கடலோரத் திட்டத்துக்கு ஆள் சென்னையிலிருந்து வருவதால் அவர்கள் ரயில் சீட்டைப் பொறுத்ததுதான் தேதி.

எனக்கு ஒன்று தோன்றியது. கொம்புமுனைப் பெண்கள் மாதம் முழுக்கக் கடலுக்குப் போவதில்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். அப்போதுதான் தண்ணீர் நன்றாக வற்றி, பாறையில் பாசி கைக்கு எட்டும். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, காலில் துடுப்பு போலத் தகரப் பலகை கட்டிக்கொண்டு முங்குகிறார்கள். அந்த நாட்களை நாட்காட்டியில் சிவப்பாக அடித்துவிட்டால் யாரும் அன்று போய் நிற்க மாட்டார்கள்.

சாகுல் அண்ணனிடம் சொன்னேன். "இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே பிள்ள" என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்து, "ஆனா ஒருத்தரும் எழுதி வைக்கல" என்றார்.

ஜனவரி 27, திங்கள்

நந்திதா மேடத்துக்கு நாட்காட்டி மிகவும் பிடித்துவிட்டது. "யார் செய்தது?" என்று கேட்டார். மரியதாசன் சார் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். என் முகம் திரையில் பெரிதாக வந்தது. ஒலியைத் திறக்க மறந்து, நன்றி மேடம் என்று இரண்டு முறை சொன்னேன். உதடு அசைந்ததை மட்டும் அவர் பார்த்திருப்பார்.

ஒடிசாவுக்கும் ஆந்திராவுக்கும் இதை அனுப்பச் சொன்னார்.

மாலையில் அம்மா போனில் பேசினாள். கமுதிப் பக்கம் கரிமூட்டத்தில் வேலை முடித்து வந்து பேசுவதால் எப்போதும் இருமிக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"ஒன்னையப் பாராட்டுனாகளா? என்னத்துக்குத்தா?"

"மூணு பேரு ஒரே ஊருக்குப் போறாங்கம்மா. ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்காமப் பாத்துக்கிறதுக்கு."

"டிராபிக் போலீசு மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"வெயில்ல நிக்கணுமோ?"

"இல்லம்மா. ஃபேனுக்குக் கீழதான்."

"அது போதும்."

பிப்ரவரி 5, புதன்

கொம்புமுனைக்கு நானும் போனேன். புது நாட்காட்டியின்படி இன்று வெள்ளை நாள், கூட்டம் வைக்கலாம். காலையில் பெனிட்டா மேடத்தின் ரத்தசோகைப் பரிசோதனை. மதியம் சாகுல் அண்ணனின் சேமிப்புக் குழுக் கூட்டம். அதன் பிறகு சென்னைக்காரர்களின் கடலோர வகுப்பு. வண்டிகள் முட்டிக்கொள்ளவில்லை. ஒன்று கிளம்பியதும் அடுத்தது வந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

மூன்றாவது கூட்டத்தில் பாதிப் பெண்கள் சுவரில் சாய்ந்து தூங்கினார்கள்.

குழுத் தலைவி நம்புத்தாய் அக்கா என்னை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெளுத்துப்போயிருக்கும்.

"இந்தக் கலர் அட்டைய நீதான் போட்டியாமே?"

"ஆமாக்கா."

"செவப்பு நாளுக்கு வர மாட்டீங்க. சந்தோசம். மத்த நாளு?"

"மத்த நாள் நீங்க வீட்டுல இருப்பீங்கல்ல, அதான்..."

"இருப்போம்." கூடத்துக்குப் பின்னால் கடற்கரையைக் காட்டினார். போன அமாவாசைக்கு எடுத்த பாசி குவியலாகக் கிடந்தது. "அது தானாக் காயுமா, தானாக் கல்லு பொறுக்கிக்கிருமா? வெறகு, ரேசன், மாமியாளுக்கு ஆஸ்பத்திரி. முன்னாடி நீங்க ஒருத்தருக்கொருத்தர் தெரியாம வந்தீங்க. நாங்களும் தெரியாத மாதிரி இருந்துக்கிட்டோம். இப்பத் தெரிஞ்சு வாரீக."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். திரும்பும் வழியில் நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைக் கட்டம் ஒன்றுகூடக் காலியாக இல்லை. மூன்று திட்டமும் சிவப்பில்லாத நாட்களைத் தேடித் தேடி நிரப்பியிருந்தன. எந்த நாள் கூடாது என்று நான் காட்டியதும், மீதி நாளெல்லாம் தங்களுக்கு என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

நாட்காட்டியில் தவறு எதுவும் இல்லை. நான் சரிபார்த்துவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

இனி வருகைப் பதிவும் ஒன்றுதான் என்று சென்னை அலுவலகம் சொல்லிவிட்டது. மூன்று திட்டத்தின் கூட்டங்களும் ஒரே கணக்கில் சேரும், பெயர் பெயராக. மார்ச் பதினைந்து வரை முக்கால்வாசிக்குக் குறையாமல் வருகை உள்ள குழுவுக்கு ஒரு வள்ளம், இயந்திரத்தோடு.

கொம்புமுனைப் பெண்கள் இப்போது வாடகை வள்ளத்தில் தீவுப் பக்கம் போகிறார்கள். எடுத்த பாசியில் பெரிய பங்கு வள்ளக்காரருக்குப் போகிறது. அவர் நினைத்த நேரத்துக்குத்தான் கிளம்ப முடியும், அவர் கூப்பிட்டால் தண்ணீரிலிருந்து ஏறிவிட வேண்டும். சொந்த வள்ளம் வேண்டும் என்று மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். சாகுல் அண்ணன்தான் அதை எழுதி எழுதி மேலே அனுப்பிக்கொண்டிருந்தவர். இன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

பிப்ரவரி 13, வியாழன்

சிவப்பு. அலுவலகத்திலேயே இருந்தேன். ரசீது ஒட்டினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

கூடத்தில் ஜெபமேரிக்கும் எனக்கும் தகராறு. தகராறு என்றால் அவர் பேசினார்.

இதுவரை ஒரு கூட்டத்துக்கு யாருக்கு ஒழிகிறதோ அவர்கள் வருவார்கள். வந்தவர்கள் வராதவர்களுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்வார்கள். இன்று ஜெபமேரி தன் பெயருக்குப் பிறகு இன்னும் மூன்று பெயருக்குக் கை தூக்கினார். பெயர் பெயராகத்தான் போட முடியும் என்றேன்.

"எங்க மதினி பாசி காயப்போடுறா. அவளுக்கும் சேத்து நான் இங்கன ஒக்காந்திருக்கேன். எனக்கும் சேத்து அவ அங்கன பாசியத் திருப்புறா. இதுல என்ன கொறஞ்சு போச்சு?"

"படம் எடுத்து ஏத்தணும்க்கா. ஒவ்வொருத்தர் முகமும் இருக்கணும்."

"அப்பப் போர்வையப் போத்திக்கிட்டு வாரேன். போன தடவ அந்தப் படம்தான தில்லிக்கே போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மூன்று பேருக்கும் வரவில்லை என்றுதான் போட்டேன். குழுவின் கணக்கு முக்காலுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது.

பிப்ரவரி 24, திங்கள்

இணையக் கூட்டத்தில் சொல்வதற்காக இரண்டு வாக்கியங்களை ஆங்கிலத்தில் தயாரித்து வைத்திருந்தேன். வெள்ளை நாட்களிலும் பெண்களுக்கு வேலை இருக்கிறது. ஒரு மாதத்துக்கு இத்தனை கூட்டம் என்று ஓர் எல்லை வைக்கலாம்.

நந்திதா மேடம் ஆந்திராவில் ஆரம்பித்தார். பிறகு ஒடிசா. எங்கள் முறை வந்தபோது, "தமிழ்நாட்டில் எல்லாம் நன்றாகப் போகிறது, இல்லையா?" என்றார். மரியதாசன் சார் ஆமாம் என்றார்.

வாக்கியங்கள் இலக்கணப்படி சரியாகத்தான் இருந்தன.

மார்ச் 3, திங்கள்

தில்லியிலிருந்தும் வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்தும் ஒரு குழு வருகிறது, நாட்காட்டி வேலை செய்வதை நேரில் பார்க்க. பதினொன்றாம் தேதி, செவ்வாய், கொம்புமுனை. வள்ளத்தையும் அதையொட்டியே முடிவு செய்வார்களாம்.

மரியதாசன் சார் என்னைத் தனியாக அழைத்து இன்னொன்றும் சொன்னார். மூன்று மாநிலத்துக்கும் நாட்காட்டி போடச் சென்னையில் ஒரு புது வேலை வரப்போகிறது. நந்திதா மேடம் என் பெயரைக் கேட்டாராம். என்னுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.

"விசிட் அன்னிக்கு நீயே எந்திரிச்சு விளக்கிரு. வாயத் தொறந்து பேசு, என்ன?"

அதைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் சென்னையில் பெண்கள் விடுதி எங்கெங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன். எழும்பூர் வசதியாகத் தெரிகிறது.

மார்ச் 7, வெள்ளி

நாட்காட்டி பெரிய பதாகையாக அச்சாகி வந்துவிட்டது. சிவப்பு நன்றாக எடுப்பாக இருக்கிறது. கீழே எங்கள் சின்னம்.

பெனிட்டா மேடம் கொம்புமுனையின் பரிசோதனை முடிவுகளைச் சொன்னார். நம்புத்தாய் அக்காவுக்கு ரத்தம் மிகக் குறைவு. "மாத்திரை குடுத்திருக்கேன். ரெஸ்ட் எடுக்கச் சொன்னேன். எப்பன்னு கேக்குது" என்றார். பிறகு பதாகையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

மார்ச் 10, திங்கள்

வருகை தள்ளிப்போய்விட்டது. தலைமையகத்திலிருந்து வருபவருக்கு விமானம் மாறிவிட்டதாம். வெள்ளிக்கிழமை வருகிறார்கள், பதினான்காம் தேதி.

நாட்காட்டியைப் பார்க்க எனக்குத் தேவையில்லை. பதினான்கு பௌர்ணமி.

"சார், அன்னிக்கு சிவப்பு."

"தெரியும்."

"பாசி நாள்ல கூட்டம் இல்லைங்கிறதத்தான் அவங்க பாக்க வர்றாங்க."

மரியதாசன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அத போன்ல சொன்னேன் ராக்கு. ஒரு நாள்தான, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்கன்னாங்க. அந்தாளு அன்னிக்கு விட்டா அடுத்த வருசம்தான். பதினஞ்சு பொம்பளைங்க வந்து ஒக்காந்தாப் போதும். நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துரு."

"நானா சார்?"

"ஒனக்குத்தான அவங்க பழக்கம்."

அந்தக் குழுவில் இருப்பதே பதினேழு பேர்.

மார்ச் 11, செவ்வாய்

பேருந்தில் போனேன். நம்புத்தாய் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து தகரப் பலகைக்குப் புதுக் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். ஜெபமேரி கண்ணாடியின் ரப்பரை எரிச்சலோடு இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் நான்கைந்து பேர் அங்கேயே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை பெரிய ஆட்கள் வருகிறார்கள், வள்ளத்தைப் பற்றி முடிவு செய்வார்கள், அது கூட்டம் என்றுதான் கணக்கு என்றேன்.



"வெள்ளிக்கெழம பௌர்ணமி" என்றார் ஜெபமேரி. "ஒங்க அட்டையிலயே இருக்குமே."

"இருக்குக்கா."

"அத அவுகளுக்கு யாரும் காட்டலயா?"

"அதப் பாக்கத்தான் வர்றாங்க."

ஜெபமேரி மற்றவர்களைப் பார்த்தார். ஒருவர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். நம்புத்தாய் அக்கா சிரிக்கவில்லை. கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"போன அமாவாசைக்கு மூணு நாளு காத்து. கடலுக்கே போகல. இந்தப் பௌர்ணமிய விட்டா அடுத்த மாசம் பதினஞ்சு வரைக்கும்தான், பொறகு தடைக்காலம். இங்கிட்டு வள்ளம். அங்கிட்டு நல்லா வத்துன தண்ணி. நீ படிச்ச பிள்ள, சொல்லு. வரணுமா, போகணுமா?"

மரியதாசன் சார் சொல்லி அனுப்பியதைச் சொல்ல வாயெடுத்தேன். பதினைந்து பேர் போதும் என்ற வாக்கியம் தயாராகத்தான் இருந்தது.

"கடலுக்குப் போங்கக்கா" என்றேன்.

"வள்ளம்?"

"தெரியல. எனக்குத் தெரியல."

"சரித்தா. நீ கெளம்பு, மூணு மணிக்கு மேல பஸ் இல்ல."

அலுவலகத்தில் மரியதாசன் சார் "சொல்லிட்டியா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன்.

மார்ச் 12, புதன்

தலைவலி.

மார்ச் 14, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் சாகுல் அண்ணனும் நானும் முதலில் போய்ப் பதாகையைக் கட்டினோம். பாய் விரித்தோம். சாகுல் அண்ணன் கடற்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வாடகை வள்ளம் இல்லையே பிள்ள" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் கேட்காமல் தேநீர் சொல்லப் போய்விட்டார்.

மூன்று வண்டிகளில் வந்தார்கள். நந்திதா மேடம் திரையில் தெரிவதைவிடக் குள்ளம். தலைமையகத்துக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்தார். பார்க்க வந்தது இரண்டு கிழவர்களும் ஒரு கைக்குழந்தையும் அதைத் தூக்கிவைத்திருந்த சிறுமியும்தான். விரித்த பாய் அப்படியே கிடந்தது.

"பெண்கள் எங்கே?" என்று நந்திதா மேடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

மரியதாசன் சார் சாகுல் அண்ணனைப் பார்த்தார். சாகுல் அண்ணன் கூரையைப் பார்த்தார். நான் எழுந்தேன். சென்னை வேலைக்காக ஒரு வாரம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த விளக்கம் முழுவதும் எனக்கு மனப்பாடம். ஒரு வார்த்தைகூட வரவில்லை. பதாகைக்குப் போய்ப் பதினான்காம் தேதியின் மேல் விரலை வைத்தேன்.

"மேடம், இன்று சிவப்பு."

தலைமையகத்துக்காரர்தான் முதலில் புரிந்துகொண்டு சிரித்தார். நல்ல சிரிப்பு, கெட்ட எண்ணம் இல்லை. நந்திதா மேடம் பதாகையைப் பார்த்தார், கையிலிருந்த பயணத் திட்டத்தைப் பார்த்தார். "இந்தத் தேதியை யார் வைத்தது?" என்று தன் உதவியாளரைக் கேட்டார். உதவியாளர் மெதுவாக, "நாம்தான் மேடம்" என்றார்.

அவர்கள் தேநீர் குடித்தார்கள். பதாகையைப் படம் எடுத்தார்கள், காலிப் பாயோடும் சேர்த்து. பெண்கள் திரும்பி வரும்வரை காத்திருக்கலாமா என்று நந்திதா மேடம் உண்மையாகவே கேட்டார். ஆனால் மதுரையில் விமானம். மதியத்துக்கு முன் கிளம்பிவிட்டார்கள்.

சாகுல் அண்ணனும் நானும் பதாகையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வள்ளம் கரைக்கு வந்தது. பெண்கள் நனைந்த மூட்டைகளை இறக்கினார்கள். எல்லா மூட்டையும் நிறைந்திருந்தது. தூரத்திலிருந்து நம்புத்தாய் அக்கா கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

மார்ச் 15, சனி

மரியதாசன் சார் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"நீதான் போகச் சொன்னியா?"

"ஆமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா அவங்களக் கூட்டிவர நீங்க ஜீப்ப அனுப்பியிருப்பீங்க சார்."

சொன்ன பிறகுதான் அதிகம் பேசிவிட்டேன் என்று தெரிந்தது. அவர் மறுக்கவில்லை.

"அனுப்பியிருப்பேன்" என்றார். "சரி, வருகைக் கணக்க இன்னிக்கு முடிக்கணும். முடிச்சிரு."

"நேத்துக்கு என்ன போடட்டும் சார்?"

"கூட்டம்னுதான் அறிவிச்சோம்."

பதினேழு பெயருக்கும் வரவில்லை என்று போட்டேன். கணக்கு முக்காலுக்குக் கீழே இறங்கியது. நேற்று ஒரு நாள்தான் அதை இறக்கியது.

மார்ச் 19, புதன்

தில்லியிலிருந்து கடிதம் வந்தது. நாட்காட்டியை ஊர் மக்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதைக் குழு நேரில் கண்டதாகவும், மூன்று மாநிலங்களிலும் இது நடைமுறைக்கு வருவதாகவும் முதல் பத்தி. பாசி நாட்களில் இனி எந்த வருகையும் கூடாது, தில்லியின் வருகை உட்பட, என்று இரண்டாவது பத்தி. அதை நந்திதா மேடம் தானே எழுதியிருக்க வேண்டும். வாக்கியம் குட்டையாக இருந்தது.

வள்ளம் ஆலிவலசைக் குழுவுக்கு. அங்கே பெண்கள் கடலுக்குப் போவதில்லை. கூட்டங்களுக்குத் தவறாமல் வந்திருக்கிறார்கள்.

சாகுல் அண்ணன் மேலே பேசிப் பார்த்தார். ஒரு நாளை மட்டும் கணக்கிலிருந்து எடுத்தால் போதும் என்றார். எடுத்தால் மற்ற ஊர்களுக்கும் எடுக்க வேண்டிவரும் என்றார்களாம். இன்று அவர் வடை வாங்கவில்லை. சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

சென்னை வேலைக்கு நன்றாகப் பேசத் தெரிந்த ஆளாகப் பார்க்கிறார்களாம். எனக்கு இங்கேயே ஆறு மாதம் நீட்டிப்பு. நல்லதுதான். எழும்பூரில் தண்ணீர்ப் பிரச்சினை என்று யாரோ சொன்னார்கள்.

மார்ச் 21, வெள்ளி

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கொம்புமுனைக்குப் போனேன். வள்ளம் இல்லை என்பதை சாகுல் அண்ணன் சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

கடற்கரையில் பாசியைப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். வந்த காரியத்தை நின்றபடியே சொல்லிவிட்டேன். முக்கால்வாசிக் கணக்கு, போன வெள்ளிக்கிழமை, ஆலிவலசை எல்லாம். கடைசியில், "நான் போகச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. நான் சொல்லாம இருந்திருந்தா வள்ளம் வந்திருக்கும்" என்றேன். குரல் உடைந்துவிட்டது. எனக்கே பிடிக்கவில்லை.

நம்புத்தாய் அக்கா குனிந்து பாசியிலிருந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். முகம் தெரியவில்லை. பொறுக்கிய கல்லை வழக்கமாகப் பக்கத்தில் போடுவார். இன்று ஒவ்வொன்றையும் தூரமாக எறிந்தார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"மூணு வருசம்" என்றார். அவ்வளவுதான் அதைப் பற்றிச் சொன்னார்.

பிறகு, "நீ சொல்லியா நாங்க கடலுக்குப் போனோம்?" என்று கேட்டார்.

"கேட்டீங்களேக்கா."

"நீ வந்தப்ப நான் என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன்? பலகைக்குக் கயிறு கோத்துக்கிட்டிருந்தேன். வள்ளக்காரருக்கு முன்பணம் குடுத்து ரெண்டு நாளாச்சு. நீ வரச் சொல்லியிருந்தாலும் போயிருப்போம்."

"அப்ப எதுக்குக்கா என்னையக் கேட்டீங்க?"

"நீ என்ன சொல்லுவேன்னு பாக்கத்தான்."

ஜெபமேரி அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்: "வாங்கன்னு சொல்லியிருந்தேன்னு வையி, இன்னிக்கு ஒனக்குத் தண்ணிகூடக் கெடையாது."

இத்தனை நாள் நான் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தது நான் செய்தது இல்லை. இலேசாக இருந்தது, கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது.

"அடுத்த மாசத்துக்கு நாளு யாரு வைக்கிறது?" என்று நம்புத்தாய் அக்கா கேட்டார்.

"நான்தான்."

"அப்ப ஒக்காரு."

பையிலிருந்து தாளை எடுத்தேன். ஜெபமேரி அதைப் பிடுங்கி என் பையிலேயே போட்டுவிட்டு, ஒரு குச்சியைக் கையில் கொடுத்துப் பாசியைத் திருப்பிப் போடச் சொன்னார். நான் திருப்பிக்கொண்டிருக்க, அவர்கள் தங்களுக்குள் ஆரம்பித்தார்கள். புதன் வேண்டாம், வியாபாரி வருகிற நாள் என்றார் ஒருவர். வியாழன் கோயில் என்றார் இன்னொருவர். உனக்கு எந்த வியாழன் கோயில் இருந்தது என்று ஜெபமேரி கேட்க, அது பழைய சண்டைக்குப் போய், இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி தன் மருமகளுக்குப் பிரசவ நாள் தெரியாமல் எந்த நாளுக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்றாள். மூன்று திட்டத்தையும் ஒரு நாட்காட்டிக்குள் கொண்டுவந்தது இதற்கு எவ்வளவோ சுலபம்.

வெயில் இறங்கும்போது ஒன்று முடிவானது. மாதத்தில் ஒரு செவ்வாய், பாசி உலர்ந்து வியாபாரி எடுத்துப்போன பிறகு, மதியத்துக்கு மேல். மூன்று திட்டமும் அன்றைக்கே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். யாருக்கு ஒழிகிறதோ அவர்கள் வருவார்கள், வந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வார்கள். பெயர் பெயராகக் கூப்பிடக் கூடாது.

"ஒத்துக்குவாகளா?" என்று நம்புத்தாய் அக்கா கேட்டார்.

"பெனிட்டா மேடம் ரத்தம் பாக்கணும். அதுக்கு மட்டும் எல்லாரும் வரணும்க்கா. நீங்க முதல்ல."

"அது வேற. அதுக்கு வாரோம். மத்தது?"

"ஒத்துக்க மாட்டாங்க."

"பொறகு?"

"திங்கக்கிழம தில்லியோட கூட்டம் இருக்கு. நான் சொல்றேன்."

ஜெபமேரி என் கையிலிருந்து குச்சியை வாங்கிக்கொண்டார். "இப்பச் சொன்ன மாதிரி முணுமுணுன்னு சொல்லாத. இங்கன இருக்க எனக்கே பாதி கேக்கல."

மார்ச் 24, திங்கள்

ஆந்திரா முடிந்தது. ஒடிசா முடிந்தது. எங்கள் முறை வந்தபோது மரியதாசன் சார் எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். நான் நாற்காலியை மடிக்கணினிக்கு முன்னால் இழுத்தேன். நாற்காலிக் கால் தரையில் உரசிய சத்தம் தில்லி வரை கேட்டிருக்கும்.

ஒலி திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

"மேடம், கொம்புமுனைக்கு மாதத்தில் ஒரு நாள்தான்" என்றேன்.

"காரணம் சொல்லுங்கள்" என்றார் நந்திதா மேடம்.

சொன்னேன். இலக்கணம் சரியாக இருந்ததா என்று தெரியவில்லை.